நோயும் அயன்மையும்: தில்லி முனிர்காவை முன்வைத்து ஓர் அறநோக்கு

முன்னுரை

மருத்துவமனையின் வாயில் எல்லார்க்கும் திறந்திருப்பதே நீதியாகிவிடுமா, அன்றி அவ்வாயிலுள் அச்சமின்றி நுழைவதற்கான சூழலும் நீதியின்பாற்படுமா என்பது இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும். போதைப் பழக்கத்திற்கும் மனநோய்க்கும் ஆளாகும் இடம்பெயர் சிறுபான்மையினரின் நிலையைத் தில்லி முனிர்காவை முன்வைத்து நோக்கும்போது இவ்வினா கூர்மை பெறுகிறது.

முனிர்காவும் குடியிருப்போரும்

முனிர்கா தென்தில்லியின் பழைய சிற்றூர்களுள் ஒன்று. அதன் விளைநிலங்கள் கையகப்படுத்தப்பட்டு இராமகிருஷ்ணபுரம் முதலிய குடியிருப்புகள் எழுந்தன. அருகே 1969இல் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. நிலமிழந்தோர் எஞ்சிய மனைகளில் அடுக்குமாடிகள் எழுப்பி வாடகைக்கு விட்டனர். நெருங்கிய சந்துகளிலுள்ள அவ்வறைகளில் மணிப்பூர், நாகாலாந்து முதலிய வடகிழக்கு மாநிலங்களின் இளைஞர்கள் பெருமளவில் தங்கிப் படிக்கின்றனர். கடைகளிலும் உணவகங்களிலும் பணியாற்றுகின்றனர்.

அண்மையும் அணுக்கமும்

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப்பொருள் ஆகியவற்றின் தவறான பயன்பாட்டோடு இயைந்த மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் அடக்குகிறது. மனநலச் சேவை தாங்கத்தக்க செலவில், எட்டும் தொலைவில், பாகுபாடின்றி, நோயாளியும் குடும்பத்தினரும் ஏற்கத்தக்க முறையில் அமைதல் வேண்டும் என அதன் 18ஆம் பிரிவு வரையறுக்கிறது. எய்ம்ஸ், சப்தர்ஜங் மருத்துவமனைகள் முனிர்காவிற்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. எனவே தொலைவு இங்குப் பெருந்தடையன்று; ‘ஏற்கத்தக்க முறை’ என்பதே சிக்கல்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வு, மதுப் பழக்கக் கோளாறு உடையோருள் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை எனக் காட்டியது. சொந்த ஊரில் வாழ்வோரையும் உள்ளடக்கிய நிலை இது. அயலூரில் மொழியும் உறவும் அற்றவர்க்குத் தடை மேலும் உயர்வது இயல்பே. காய்ச்சலை அரைகுறை இந்தியிலும் கூறிவிடலாம். நாணத்தையும் குற்றவுணர்வையும் அவ்வாறு கூறுதல் அரிது. உளமருத்துவத்திலோ நோயாளியின் பேச்சே முதன்மையான சோதனைக் கருவி.

நான்காம் கூறு

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. பேணுபவரை மருந்தோடு ஒப்ப வைத்தெண்ணிய இப்பகுப்பு ஈண்டு ஆழ்ந்து நோக்கத்தக்கது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாட்களில் வலிப்பும், தொடர்ந்து சித்தப்பிரமையும் தோன்றக்கூடும். உயிருக்கே ஊறு நேரலாம். திருந்த வேண்டும் என்னும் உறுதியோடு அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டவனையே அவ்வுறுதி கொல்லக்கூடும் என்பது இதன் பொருள். நான்காம் கூறு இல்லாதவிடத்து ஏனைய மூன்றும் பயனற்றுப் போகின்றன.

ஒரு மறுப்பும் விடையும்

முனிர்காவில் வடகிழக்கினர்க்கெனத் தனி மையம் அமைத்தால் போதும் எனலாம். ஆயின் அவர்களைக் குடியரெனவும் ஒழுக்கம் குன்றியவரெனவும் கருதும் முன்முடிவு தலைநகரில் ஏற்கெனவே நிலவுகிறது. வடகிழக்கு மக்கள் பெருநகரங்களில் எதிர்கொள்ளும் இன்னல்களை ஆராய 2014இல் பெஸ்பருவா குழு அமைக்க நேர்ந்தமையே பாகுபாட்டின் கடுமைக்குச் சான்று. ஒரு சமூகத்தின் பெயர் தாங்கிய போதை மீட்பு மையம், உதவிக்கரத்தையே சுட்டுவிரலாக மாற்றிவிடக்கூடும். சமூகத்தின் சங்கங்களிடமும் தேவாலயங்களிடமும் முழுப்பொறுப்பை ஒப்படைப்பதும் தீர்வாகாது. பேணும் கண்களே கண்காணிக்கும் கண்களாகவும் அமைதல் உண்டு.

ஆகவே சேவை பொது மருத்துவ நிலையத்தினுள்ளேயே, காய்ச்சலுக்கு வருவோர் அமரும் அதே இருக்கையில் தொடங்குதல் வேண்டும். அங்கு அவர்தம் மொழியறிந்த ஆற்றுப்படுத்துநர் இருத்தல் வேண்டும். வீட்டு உரிமையாளர்க்கோ காவல்துறைக்கோ செய்தி செல்லாது என்னும் உறுதியும் தேவை. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி-மனஸ் (14416) தொலைபேசிச் சேவை பல இந்திய மொழிகளில் ஆற்றுப்படுத்துகிறது. மொழித்தடையை அது ஓரளவு நீக்கும். எனினும் நடுங்கும் கையைப் பற்றுதல் குரலால் இயலாது. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, வயதுவந்த எவரும் தம் சார்பாளரைத் தாமே நியமித்துக்கொள்ளலாம் என்கிறது. அவர் உறவினராக இருத்தல் வேண்டுமென்பதில்லை; அடுத்த அறை நண்பராகவும் இருக்கலாம். நான்காம் கூறு குருதியுறவால் மட்டுமன்றித் தேர்வாலும் அமையலாம் என்பதைச் சட்டம் ஏற்றுள்ளமை போற்றத்தக்கது. அதனை அறையறையாக அறிவிப்பதே எஞ்சிய பணி.

முடிவுரை

தமிழர்க்கு இஃது அயலார் செய்தியன்று. 2025 ஜூன் 1 அன்று தில்லி ஜங்புராவின் மதராசி முகாம் இடிக்கப்பட்டபோது, தகுதியுடையோராகக் கொள்ளப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வட எல்லையிலுள்ள நரேலாவில் வீடுகள் ஒதுக்கப்பட்டன, ஏனையோர்க்கு அதுவுமில்லை. தமிழில் பேசி, நோயுற்ற அண்டை வீட்டாரைப் பேணிய ஒரு தெருவும் அன்று கலைந்தது. வீட்டைக் கணக்கிட்டவர்கள் தெருவைக் கணக்கிடவில்லை. படுக்கைகளையும் மருத்துவர்களையும் பெருக்குவதோடு, அருகிருப்போரையும் மருத்துவத்தின் கூறாகக் கணக்கில் கொள்ளும்போதே சேவை விரிவாக்கம் அறமாகும்.