பேணப்படுவனவும் மறக்கப்படுவனவும்

பழைய ஆடம்பர மோட்டார் வண்டியொன்றை நூதனசாலையிற் கண்டு வியக்கும்போது, நாம் உண்மையில் வியப்பது எதனை? தொழிற்றிறனையா, அன்றி அதில் அமர்ந்து சென்றவரின் செல்வத்தையா?

கொழும்பு காலிமுக ஹோட்டல் பேணிவந்துள்ள 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் நைன் வண்டி இவ்வினாவுக்கு ஒரு விளக்கமாகும். அது ஆடம்பர வண்டியன்று. கடற்படைப் பணியில் இலங்கைக்கு வந்த இளவரசர் பிலிப் 1940இல் அதனை 12 பவுணுக்கு வாங்கினார் என்பதே அதன் சிறப்பு. அங்கே பொருளை உயர்த்தியது உடையவரின் பெயர்.

1907இல் தோன்றிய ரோல்ஸ் ரோய்ஸ் ‘சில்வர் கோஸ்ட்’ வேறு வகையினது. அந்நாளில் நிறுவனம் இயந்திரத்தையும் அடிச்சட்டத்தையுமே விற்றது. மேற்கூட்டை வேறு பட்டறைகளின் தச்சரும் தகட்டு வேலையாளரும் கையால் அமைத்தனர். நாம் காணும் அழகு அவர்களுடைய கையின் அழகு. ஆயினும் வாங்கியவரின் பெயர் நிலைத்த அளவுக்கு அவர்களின் பெயர் நிலைக்கவில்லை.

அழகின் முன்னின்று உழைப்பைப் பேசுவது பொறாமையின் குரல் என்பாருமுளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. மாளிகை வாயிலுக்குள் மறைந்திருந்ததை நூதனசாலை பலர் கண்ணுக்கும் உரியதாக்குகிறது, அது நன்றே. ஆனாற் பேணுதல் என்பது தெரிந்தெடுத்தலுமாகும். ஒன்றைத் தெரிந்தெடுப்பவர் மற்றொன்றைக் கைவிடுகிறார்.

திகனப் பகுதியில் நின்று நோக்குவோர்க்கு இது எளிதில் விளங்கும். 1985இல் திறக்கப்பட்ட, 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை நாட்டுக்கு மின்சாரம் தந்தது. அதன் நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகர் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளித்தோன்றுகின்றன. அவற்றைக் காக்கக் கண்ணாடிப் பேழையில்லை. இதே கண்டி மலைகளிலே தோட்டத் துரைமாரின் வண்டிகள் ஏறிய பாதைகளுண்டு. அவ்வண்டிகளின் விலை கொழுந்து கொய்த கைகளிலிருந்து வந்தது. அக்கைகளுக்குரியோரிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது.

இதனால் அவ்வண்டிகளை வெறுத்தொதுக்க வேண்டுமென்பதன்று. அவை பேணப்படட்டும். ஆயின் “இது யாருடையது” என்று கூறும் பலகையில் இன்னும் இரண்டு வரிகள் வேண்டும்: இதனைச் செய்தவர் யார்? இதன் விலையை உழைத்துத் தந்தவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை எழுதப்படும்போதே நமது வியப்பு அறத்தோடு பொருந்தியதாகும்.