ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல்: புயல் காலமும் நம் வீடுகளும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ரசூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



வடகிழக்குப் பருவமழையின் மாதங்கள் வந்துவிட்டன. அக்டோபர் பிறந்தாலே தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று நம் பகுதி மக்களின் மனதில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பயத்திற்குக் காரணம் உண்டு.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி உள்ள ஒரு வீட்டின் மேல் மட்டும் அந்த ஒரு நாளில் 45 ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுந்திருக்கும். அடையாற்றங்கரை ஓரத்துத் தரைத்தள வீடுகள் மூழ்கின, மக்களைப் படகில் மீட்டார்கள். அடுத்த ஆண்டே, 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களைச் சாய்த்தது. நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது மீண்டும் முடிச்சூரிலும், வேளச்சேரியிலும், பள்ளிக்கரணையிலும் தண்ணீர்.

இதைக் கேட்கும்போது நம்மில் சிலர், "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் ஹஜ்ரத், நாம் என்ன செய்ய முடியும்?" என்பார்கள். அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வார்த்தையை ஈமானால் சொல்கிறோமா, சோம்பலால் சொல்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தவக்குல் எங்கே தொடங்குகிறது?

ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்டார். முதலில் கட்டு, பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டு என்பதே அண்ணலார் கற்றுத்தந்த பாடம் (திர்மிதி).

நூஹ் (அலை) அவர்களை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற அல்லாஹ்வுக்குக் கப்பல் தேவையில்லை. ஆனாலும் தண்ணீர் வருவதற்கு முன்பே கப்பலைக் கட்டும்படி கட்டளையிட்டான். யூசுஃப் (அலை) அவர்கள் பஞ்சம் வருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்னதாகவே தானியத்தைக் கதிரோடு சேமித்து வைக்கச் சொன்னார்கள். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள் (புகாரி).

ஆகவே, மாநகராட்சியிலிருந்து வந்து "வீட்டைக் காலி செய்யுங்கள்" என்று சொல்லும்போது கிளம்புவது ஈமானின் குறைவல்ல. கிளம்ப மறுத்து, நம்மை மீட்க வரும் பிள்ளைகளின் உயிரையும் ஆபத்தில் தள்ளுவதுதான் குறை.

நம் வாசலோடு நிற்காத தண்ணீர்

நபி (ஸல்) அவர்கள் ஒரு கப்பலை உதாரணம் சொன்னார்கள். மேல்தளத்தில் சிலர், கீழ்தளத்தில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே போய்த் தொந்தரவு கொடுக்க வேண்டாமென்று, தங்கள் பகுதியிலேயே ஓட்டை போட நினைக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள், விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள் (புகாரி).

நம் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் நன்மங்கலம், பிறகு கீழ்க்கட்டளை வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். நம் முன்னோர்கள் ஏரிக்கு ஏரி சங்கிலி போட்டுக் கட்டி வைத்த ஏற்பாடு இது. இங்கே ஒருவர் மழைநீர் வடிகாலில் போடும் குப்பைப் பை, நான்கு தெரு தள்ளி இருக்கும் ஒரு முதியவரின் படுக்கையறைக்குள் தண்ணீரைக் கொண்டுபோகும். கட்டட வேலை முடிந்து மிச்சமான மணலையும் ஜல்லியையும் வடிகால் வாயில் குவித்து வைப்பவர் கப்பலில் ஓட்டை போடுகிறார்.

மக்கள் நடக்கும் பாதையிலும், தண்ணீர் எடுக்கும் இடத்திலும் அசுத்தம் செய்வது சாபத்திற்குரிய செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள் (அபூதாவூத்). பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்றார்கள் (முஸ்லிம்). பாதையை அடைப்பவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜும்ஆ நாளின் சுத்தம்

சகோதரர்களே, ஜும்ஆவுக்காகக் குளிக்கிறோம், நகம் வெட்டுகிறோம், அத்தர் பூசுகிறோம். அதோடு ஒரு பதினைந்து நிமிடத்தை வீட்டுக்கும் கொடுங்கள்.

டெங்கு கொசு சாக்கடையில் வளர்வதில்லை, வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. முட்டை கொசுவாக மாறச் சுமார் ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். ஜும்ஆ ஏழு நாளைக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் வீட்டில் தண்ணீர் தேங்கும் இடங்களைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டால் அந்தக் கொசு பறக்கும் முன்பே அழிந்துவிடும். ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, ஏசி தண்ணீர் விழும் வாளி, மாடியில் கிடக்கும் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் சாகாமல் காத்திருக்கும்.

இது பெண்களின் வேலை என்று ஆண்கள் ஒதுங்கக்கூடாது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டு வேலைகளில் உதவியாக இருந்தார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). மாடிக்கு ஏறி இலைக்குப்பையை அள்ளுவதும் சுன்னத்தான அந்த உதவியில் சேர்ந்ததுதான்.

புயல் செய்தி வந்துவிட்டால்

வானிலை மையத்தின் எச்சரிக்கை வந்த அன்றே செய்ய வேண்டியவை:

மொட்டை மாடியில் தண்ணீர் வடியும் குழாய் வாய்களை அடைப்பில்லாமல் வையுங்கள். பூந்தொட்டி, தகர ஷீட், பழைய பலகை ஆகியவற்றைக் கீழே இறக்குங்கள். காற்றில் பறக்கும் ஒரு தகரம் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மேல் விழுந்தால் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வோம்? மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலித் தொட்டியைக் காற்று எளிதில் தூக்கிவிடும், மின்சாரம் போனாலும் ஒளுவுக்குத் தண்ணீர் இருக்கும்.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் இன்வெர்ட்டர் பேட்டரியையும், அரிசி மூட்டையையும், குர்ஆன், கிதாபுகளையும் உயரமான இடத்துக்கு மாற்றுங்கள். தண்ணீர் வாசலை எட்டும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது. காஸ் ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரைக் கயிற்றால் கட்டி வையுங்கள். காலி சிலிண்டர் வெள்ளத்தில் மிதக்கும். கழிவறைக் குழியின் மேல் மணல் மூட்டை வையுங்கள். வெள்ளம் வாசல் வழியாக மட்டும் வருவதில்லை, அந்த வழியாகவும் ஏறி வரும்.

ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், நிக்காஹ் சான்றிதழ், பிள்ளைகளின் மார்க் ஷீட் அனைத்தையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு, போனில் படமும் எடுத்து வையுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், மின்சாரம் இல்லாத நாட்களில் எப்படிப் பாதுகாப்பது என்று மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். மாநிலப் பேரிடர் உதவி எண் 1070, மாவட்டத்துக்கு 1077, ஆம்புலன்ஸ் 108, மின்வாரியப் புகார் எண் 94987 94987. இவற்றைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். போனில் சார்ஜ் போனபின் அதில் சேமித்த எண் உதவாது.

பால் பாக்கெட்டையும் மெழுகுவர்த்தியையும் தேவைக்கு வாங்குங்கள், பதுக்காதீர்கள். வியாபாரிகளான நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. மக்கள் தவிக்கும் நேரத்தில் விலையை ஏற்றுவதற்காகப் பொருளைப் பதுக்குபவன் பாவி என்பது நபிமொழி தரும் எச்சரிக்கை (முஸ்லிம்).

புயல் இரவில்

இரவில் உறங்கும் முன் கதவை மூடவும், பாத்திரங்களை மூடி வைக்கவும், விளக்கை அணைக்கவும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டையே எரித்துவிடும் என்று காரணமும் சொன்னார்கள் (புகாரி). மின்சாரம் இல்லாத இரவில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு அசதியில் தூங்கிப்போகும் நமக்கு, இந்த ஹதீஸ் நேற்றுச் சொன்னது போல இருக்கிறது. முடிந்தவரை டார்ச் லைட்டைப் பயன்படுத்துங்கள்.

கருமேகத்தையோ பலத்த காற்றையோ கண்டால் அண்ணலாரின் முகத்தில் கவலை தெரியும், உள்ளே போவார்கள், வெளியே வருவார்கள் (புகாரி, முஸ்லிம்). அந்த நேரத்தில் துஆவும் இஸ்திக்ஃபாரும் நம் நாவில் இருக்கட்டும். காற்றைத் திட்டக்கூடாது. மழை அளவு மீறியபோது, எங்கள் மீது வேண்டாம், எங்களைச் சுற்றியுள்ள மேடுகளிலும் ஓடைகளிலும் பொழியட்டும் என்ற கருத்தில் அவர்கள் துஆ செய்திருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் "ஏரி உடைந்துவிட்டது" என்று வந்தால் உடனே அனுப்பாதீர்கள். வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். பொய்ச் செய்தி கேட்டு இருட்டில், வெள்ளத்தில் இறங்கி ஓடும் குடும்பத்தின் பாவத்தில் நமக்குப் பங்கு வேண்டாம்.

பலத்த மழையில் பள்ளிக்கு வரத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்கள். சேறும் மழையுமான ஒரு ஜும்ஆ நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கில் அறிவிக்கச் செய்தார்கள். இது நபிவழி என்றும் விளக்கினார்கள் (புகாரி). மார்க்கம் தந்த சலுகையை ஏற்பதும் இபாதத்துதான்.

தண்ணீர் வடிந்த பிறகு

வீட்டுக்குள் நுழையும்போது முதலில் கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்காமல் சுவிட்சைப் போடாதீர்கள். படுக்கையில் படுக்கும் முன் அதைத் தட்டிவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள், நாம் போன பிறகு அதில் என்ன வந்தது என்று தெரியாது என்றார்கள் (புகாரி). பாம்பும் பூரானும் ஒதுங்கும் வெள்ளக் காலத்தில் படுக்கையோடு செருப்பையும் அலமாரியையும் தட்டிப் பாருங்கள்.

சாக்கடை கலந்த தண்ணீர் நஜீஸ். சேற்றை வழித்தெடுத்துவிட்டு, நஜீஸின் அடையாளம் போகும்வரை தரையைச் சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். முஸல்லாவையும் கம்பளத்தையும் நன்றாக அலசி வெயிலில் காயவிடுங்கள். தெருவில் நடக்கும்போது தவிர்க்க முடியாமல் தெறிக்கும் சேற்றை ஃபுகஹாக்கள் மன்னிக்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் வஸ்வாஸ் வேண்டாம்.

தரைக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டால் அதோடு கழிவறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது. அதிலிருந்து வரும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும். சம்ப்பில் வெள்ளநீர் புகுந்திருந்தால் முழுவதும் இறைத்து, கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். காலில் புண் இருப்பவர்கள் வெள்ளநீரில் இறங்க வேண்டாம், எலிக் காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. வெள்ளத்துக்குப் பின் காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பக்கத்து வீட்டின் ஹக்

2015 வெள்ளத்தில் சென்னையின் பள்ளிவாசல்கள் எல்லா மதத்தவருக்கும் கதவைத் திறந்தன. சோறு சமைத்துக் கொடுத்தார்கள், படுக்க இடம் கொடுத்தார்கள். நம் இளைஞர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் போய் மக்களைத் தூக்கி வந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

அந்த நன்மை அடுத்த வெள்ளத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலையே தொடங்கலாம். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார், கர்ப்பிணி யார், டயாலிசிஸ் செய்பவர் யார், கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் ஏழைக் குடும்பம் எது? மஹல்லாவில் ஒரு பட்டியல் இருக்கட்டும். முஸ்லிமா, ஹிந்துவா, கிறிஸ்தவரா என்று அதில் பார்க்க வேண்டாம். மாடியில் இருப்பவர்கள், "தண்ணீர் வந்தால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்" என்று கீழ்வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அந்த ஒரு வார்த்தையால் அவர்கள் இந்த மழைக்காலம் முழுவதும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பகுதிக்கு இறங்கும் மழையை ரஹ்மத்தான மழையாக ஆக்குவாயாக! எங்கள் வீடுகளையும், பிள்ளைகளையும், அண்டை வீட்டாரையும் பாதுகாப்பாயாக! கடந்த வெள்ளங்களில் மூழ்கி மரணித்த முஃமின்களுக்கு ஷஹாதத்தின் அந்தஸ்தை வழங்குவாயாக! எங்களால் ஆன முயற்சியைச் செய்துவிட்டு, உன் மீது முழுமையாகத் தவக்குல் வைக்கும் நல்லடியார்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.