கடிகாரம் செய்யும் ஊர்

கேழ்வரகு விளைந்த ஓசூரிலே இன்று இயந்திரம் இரைகிறது. 1971-ல் தோன்றிய சிப்காட், கருநாடக எல்லையோரத்து இந்த ஊரிலே தொழிற்பேட்டை கண்டது. சரக்குந்து செய்கிறார்கள், இருசக்கர வண்டி செய்கிறார்கள், டிட்கோவும் டாட்டா குழுமமும் கூட்டாக 1984-ல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தார் கைக்கடிகாரம் செய்கிறார்கள். நொடி பிசகாத நுண்கருவி! அதனைக் கையிலே கட்டிக்கொண்டு நாம் எதைப் பார்க்கிறோம்? இராகுகாலம் கழிந்ததா என்று பார்க்கிறோம்!

சிரிப்பதற்கல்ல தோழர்களே, சிந்திப்பதற்கே இதைச் சொல்கிறோம். "முதலிலே தொழில் வளரட்டும், வறுமை ஒழிந்தால் சாதியும் மூடப்பழக்கமும் தாமே மறையும்" என்பது வளரும் நாடுகளிலெல்லாம் கேட்கும் வாதம். அதிலே உண்மை இல்லாமலில்லை. பசித்த வயிற்றுக்குப் பகுத்தறிவு எட்டாது. ஆலையிலே அருகருகே நிற்கும் இருவரின் சாதியை இயந்திரம் கேட்பதுமில்லை. ஆனால், 'தாமே' என்ற அந்த ஒரு சொல்லிலேதான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது.

2018 நவம்பரிலே நடந்ததை மறந்தோமா? சாதி கடந்து மணந்து ஓசூரிலே குடியிருந்த இளம் இணையர் கடத்திக் கொல்லப்பட்டனர். உடல்களைக் காவிரி கருநாடகத்திலே கரை சேர்த்தது. கடத்திச் செல்லப் பயன்பட்டது கட்டைவண்டியா? இல்லை, மோட்டார்! இயந்திரம் ஏவியபடி இயங்கும். ஏவுகிறவன் நெஞ்சிலே சாதி இருந்தால், அது சாதிக்கே ஊழியம் செய்யும்.

2025 மார்ச்சிலே, அதே கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி மலைப்பகுதியிலே, மணக்கொடுமைக்கு ஆளாக்கப்பட்ட 14 வயதுச் சிறுமி கதறக் கதறத் தூக்கிச் செல்லப்பட்டாள். 18 வயதுக்குமுன் பெண்ணுக்குத் திருமணம் கூடாது என்ற சட்டம் இருக்கிறது. கைப்பேசி உறுப்புகள் செய்யும் ஆலையிலே ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை பார்ப்பதும் அதே மாவட்டத்திலேதான். அந்தப் பெண்களுக்கும் இந்தச் சிறுமிக்கும் இடையே நிற்பது மலையா? அன்று! சில ஆண்டுப் படிப்பும், சொந்தக் கையிலே வாங்கும் சம்பளமுமே நிற்கின்றன.

ஆகவே, ஆலையா அறிவா என்பதல்ல கேள்வி. "வேண்டாம்" என்று சொல்லும் துணிவைப் பெண்ணுக்குத் தருவது வருவாய். அச்சொல்லை மதிக்கும் மனத்தை ஊருக்குத் தருவது அறிவு. ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல் இரண்டும் வீண். ஒப்பந்தக் கூலியாக, நாளை வேலை உண்டோ இல்லையோ என்று நடுங்குபவள் எப்படித் துணிவாள்? மலையூரிலே உயர்நிலைப் பள்ளிக்குப் போக வழியில்லாதவள் ஆலையை எப்படி எட்டுவாள்?

நிலையான வேலை கேட்போம். மலைக்குப் பள்ளியும் பேருந்தும் கேட்போம். அரசிடம் கேட்பதோடு நில்லாமல் நம் வீட்டையும் கேட்போம். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-லேயே சட்டம் கண்ட நாடு இது. அந்தச் சட்டம் ஏட்டிலே இருக்கிறது; நம் வீட்டு மணவறையிலே இருக்கிறதா?

கடிகாரம் செய்யக் கற்றுக்கொண்டோம். காலத்தை அறிவது எப்போது?