நம் தூய்மை பிறருக்கு அசுத்தமாகலாமா?



தூய்மைக்கு ஈமானில் பாதி இடத்தைக் கொடுத்த மார்க்கம் நம்முடையது. பெரும்பாலான ஃபிக்ஹு கிதாபுகளைத் திறந்தால் முதல் பாடம் தஹாரத்தாகவே இருக்கும். அந்தப் பாடத்தின் முக்கியப் பேச்சு தண்ணீரைப் பற்றியதுதான். எந்தத் தண்ணீரில் ஒளுச் செய்யலாம், எது கூடாது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே தொழுகையின் சட்டங்களுக்குப் போகிறோம். அப்படிப்பட்ட நாம் வீட்டைத் துப்புரவு செய்யும் முறையே தண்ணீரைக் கெடுக்கிறதென்றால், அதைப்பற்றிச் சற்றுச் சிந்திக்க வேண்டாமா?

ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையைப் பாருங்கள். தென்பெண்ணையாறு கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஓடி, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் அணையின் மதகுகளைத் திறந்துவிட்டால், ஆற்றின்மீது வெள்ளை நுரை மலைபோல் எழும்புவதைப் பல ஆண்டுகளாக இவ்வட்டாரத்தார் கண்டுவருகிறார்கள். சில சமயங்களில் அது தரைப்பாலத்தையே மூடிவிடுகிறது. துர்நாற்றமும் வீசுகிறது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் விவசாயி பயிர் வைத்திருக்கிறான்.

இந்த நுரை எங்கிருந்து வருகிறது? பெங்களூரு நகரின் வீட்டுக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும் பெல்லந்தூர் ஏரியிலும், அதையடுத்த வர்த்தூர் ஏரியிலும் இறங்கி, அங்கிருந்து ஆற்றுக்கு வருகின்றன. பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியதோடு நிற்கவில்லை. 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் அங்கே தீயும் பற்றி எரிந்தது. 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

சலவைத் தூளில் அழுக்கை இளக்கும் இரசாயனம் இருக்கிறது. அது கலந்த நீர் உயரத்திலிருந்து விழும்போது நுரைக்கிறது. உப்பு நீரிலும் நன்றாக வெளுக்கட்டும் என்று சில தூள்களில் பாஸ்பேட்டும் சேர்ப்பதுண்டு. அது ஏரியிலே ஆகாயத் தாமரைக்கும் பாசிக்கும் உரமாகிவிடுகிறது. அவை மண்டி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மடிகின்றன.

'பெங்களூர்க்காரன் செய்த வினைக்கு நாம் என்ன செய்வது?' என்று கேட்பீர்கள். 'தொழிற்சாலைகளை விட்டுவிட்டு எங்கள் சோப்புத் தூளையா பிடிப்பது?' என்றும் கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. தொழிற்சாலை தன் கழிவைச் சுத்திகரிக்க வேண்டும், நகராட்சிகள் சாக்கடை நீரைச் சுத்திகரிக்க வேண்டும். அது அவரவர் கடமை. ஆயினும், மேலே இருப்பவர்களால் துன்பப்படும் ஓசூர், கீழே இருப்பவர்களுக்கு மேலேதான் இருக்கிறது என்பதை மறக்கலாகாது. நம் வீட்டுச் சாக்கடையும் ஓர் ஓடையில் இறங்கிக் கீழே இருக்கும் ஊரை நோக்கியே போகிறது. மேலூரார்மீது நாம் சொல்லும் குற்றத்தைக் கீழூரார் நம்மீது சொன்னால் என்ன பதில் சொல்வோம்?

நாயகம் (ஸல்) அவர்கள் தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைத் தடுத்தார்கள். மக்கள் நீரெடுக்கும் துறையை அசுத்தப்படுத்துவது சாபத்துக்குரிய செயல் என்று எச்சரித்தார்கள். தன் தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இராத மனிதனின் ஈமானையே அவர்கள் ஒப்பவில்லை. ஒரே ஆற்றங்கரையில் வாழ்கிறவர்கள் எல்லாருமே அண்டை வீட்டார்தாம்.

நஜீஸ் கலந்து நிறமோ, மணமோ, சுவையோ மாறிவிட்ட தண்ணீர் ஒளுவுக்கு உதவாது என்பது நாமனைவரும் அறிந்த சட்டம். ஓரூர்ச் சாக்கடையால் ஆறு அந்த நிலைக்கு வந்துவிட்டால், கீழே இருக்கும் ஒரு முஃமின் ஒளுச் செய்யும் தண்ணீரையல்லவா அவ்வூரார் பறித்துவிடுகிறார்கள்? நம் தஹாரத்துக்காக இன்னொருவர் தஹாரத்தைக் கெடுப்பது எப்படிச் சரியாகும்?

இன்னொரு தவறான எண்ணமும் நம் வீடுகளில் இருக்கிறது. பினாயில் வாடை வந்தால்தான் தரை சுத்தமாயிற்று என்று நினைக்கிறோம். நஜீஸின் உருவத்தை நீக்கித் தண்ணீரால் கழுவினால் இடம் சுத்தமாகிவிடும். முயன்றும் போகாத கறை மன்னிக்கப்பட்டது என்று ஃபுகஹாக்கள் இலேசாக்கியிருக்கிறார்கள். வாசனை சேர்ப்பது நம் விருப்பமே தவிர, சட்டமன்று.

நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளார் வஃபாத்தானபோது, இலந்தை இலை கலந்த நீரால் குளிப்பாட்டும்படியும், கடைசி முறை கற்பூரம் சேர்க்கும்படியும் பெருமானார் பணித்தார்கள் என்று உம்மு அதிய்யா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். இன்றும் நம் மையித்தை அப்படியே குளிப்பாட்டுகிறோம். அந்த இலைக்கு இயற்கையாகவே நுரைத்து அழுக்கெடுக்கும் குணமுண்டு. நம் பூந்திக்கொட்டைக்கும் சீயக்காய்க்கும் அதே குணம்தான்.

இல்லத்தரசிகளே! பூந்திக்கொட்டையை இரவில் ஊறவைத்து, விதை நீக்கிக் கொதிக்கவைத்து வடிகட்டினால் துணிக்கும் பாத்திரத்துக்கும் ஆகும். இரண்டொரு நாளுக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள், இல்லாவிட்டால் புளித்துப்போகும். பித்தளை, செம்புக்கு நம் கிருஷ்ணகிரிப் புளியே போதும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சாம்பலும் தேங்காய் நாரும், அடைத்த குழாய்க்குச் சலவைச் சோடாவும் வெந்நீரும் உதவும். தரைக்கு எலுமிச்சையோ காடியோ கலந்த நீர் நல்லது. ஆனால் சலவைக் கல் தரையில் இவை படக்கூடாது, அரித்துவிடும். இயற்கைப் பொருள் என்பதற்காக அதையும் அள்ளிக் கொட்டாதீர்கள். பூந்திக்கொட்டைச் சாறும் மிகுந்தால் மீனுக்கு நஞ்சுதான். ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று போதித்த மார்க்கமல்லவா இது!

வீட்டில் வாந்திபேதி போன்ற தொற்றுநோய் கண்டால் பிளீச்சிங் பவுடரை அளவோடு பயன்படுத்தத்தான் வேண்டும். உயிரைக் காப்பதும் மார்க்கமே. ஆனால் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல், முதல் உலகப் போரில் ஈப்ர் என்ற ஊரருகே சிப்பாய்களைக் கொல்லத் திறந்துவிட்ட வாயு அதுதான். சன்னலில்லாத சிறு கழிப்பறையில், ஒரு தாயின் மூச்சை அடைக்க அதில் சிறிதளவே போதும்.

தனக்கும் தீங்கு தேடாமல், பிறருக்கும் தீங்கு இழைக்காமல் வாழ்வதே நம் நபி (ஸல்) காட்டிய வழி. இந்த மாதம் வாங்கும் சலவைத் தூளில் பாதியைக் குறைத்துப் பார்ப்போம். ஆசிட் புட்டியை வாங்காமல் விட்டுப் பார்ப்போம். நம் வீட்டிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பற்றியும் நாளை கேள்வியுண்டு என்ற அச்சத்தோடு இதைச் செய்வோம்.

நம் உடலையும் உள்ளத்தையும் தூய்மையாக்கி, நம்மால் எந்தப் படைப்புக்கும் தீங்கு நேராமல் வாழ அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.