மூர்க்கமான ஆட்டமும் அதன் ஆதாயமும்

நோ-லிமிட் டெக்ஸஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில், கையில் எந்தச் சீட்டு வந்தாலும் பணத்தை ஏற்றிக் கட்டி எதிராளியை விரட்டும் ஆட்டக்காரர்கள் உண்டு. ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் இவர்கள் சீக்கிரமே காலியாகிவிடுவார்கள். மூன்று நான்கு பேர் மட்டும் இருக்கும் மேசையிலும், இருவர் நேருக்கு நேர் மோதும் ஆட்டத்திலும் அதே மூர்க்கத்துக்குப் பணம் கொட்டுவதுண்டு. அது எப்படி நடக்கிறது என்பது கணக்கு. அந்தப் பணம் அறிவுக்குக் கிடைத்ததா, துணிவுக்கா, அதிர்ஷ்டத்துக்கா, அதை எடுத்துக்கொள்வது முறையா என்பது தத்துவத்தின் கேள்வி. கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டாவது கேள்விக்குள் இறங்குவதால்தான் சூதைப் பற்றிய அறப்பேச்சு பெரும்பாலும் வெறும் வசையாக நின்றுவிடுகிறது.

ஹோல்டெமில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விழும். சீட்டுப் போடுவதற்கு முன்பே இருவர் முறை வைத்துக் கட்டாயப் பணம் கட்ட வேண்டும். இதற்கு பிளைண்ட் என்று பெயர். ஒன்பது பேர் மேசையில் ஒருவருக்கு இந்த முறை ஒன்பது ஆட்டத்தில் இரண்டு தடவைதான் வரும். மூன்று பேர் என்றால் மூன்றில் இரண்டு தடவை. நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருப்பவரின் பணம் அங்கே பிளைண்டிலேயே கரைந்துவிடும்.

நல்ல சீட்டோ அபூர்வம். 52 சீட்டில் இரண்டிரண்டாக 1,326 சேர்க்கைகள் அமையும். ஏஸ், ராஜா, ராணி ஆகியவற்றின் ஜோடிகளையும் ஏஸ்-ராஜா சேர்க்கையையும் கூட்டினால் 34 தேறும். எட்டு எதிராளிகளில் ஒருவரிடமாவது இவற்றில் ஒன்று இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. இரண்டே எதிராளிகள் என்றால் இருபதில் ஒன்று. ஜோடி இல்லாத கைக்கு, பொதுச் சீட்டில் முதல் மூன்று விழும்போது ஜோடி சேர்வதும் மூன்றுக்கு ஒரு தடவைதான். ஆகவே ஆள் குறைந்த மேசையில் பல தடவை எதிராளியிடம் ஒன்றும் இருப்பதில்லை. நடுவில் 100 ரூபாய் சேர்ந்திருக்கும்போது வெறும் கையோடு 50 ரூபாய் கட்டுபவருக்கு, எதிராளி மூன்றில் ஒரு தடவை சீட்டைக் கவிழ்த்து விலகினாலே கை கடிக்காது. சீட்டு சேராதபோதெல்லாம் விலகும் எதிராளி மூன்றில் இரண்டு தடவை விலகிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் சீட்டைப் பார்க்கவே தேவையில்லை.

இதற்கு எல்லை உண்டு. அந்த எல்லையைக் கணிதமாக ஆராய்ந்தவர் ஜான் வான் நாய்மன். 1928-ல் அவர் எழுதிய கட்டுரையும், 1944-ல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து வெளியிட்ட பெருநூலும் ஆட்டக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டன. அந்த நூலில் போக்கருக்குத் தனிப் பகுதியே உண்டு. அவருடைய எளிய மாதிரியில், சரியாக ஆடுபவர் மிக நல்ல கையோடும் மிக மோசமான கையோடும் ஏற்றிக் கட்டுவார். நடுத்தரக் கையோடு அமைதியாக இருப்பார். அதாவது வெறும் கையோடு மிரட்டும் பிளஃப் என்பது போக்கிரிக் குணமல்ல, கணக்கே கேட்கும் ஒன்று. ஆனால் அதற்கு விகிதம் உண்டு. கடைசிச் சீட்டு விழுந்தபின், நடுவில் உள்ள 100 ரூபாய்க்குச் சமமாக 100 கட்டுபவர், இரண்டு நல்ல கைக்கு ஒரு வெறும் கை என்ற அளவில் நிற்க வேண்டும். பாதிக்குப் பாதி வெறும் கை என்றானால், விலகாமல் 100 கட்டிப் பார்க்கும் எதிராளிக்கு ஒவ்வொரு தடவையும் சராசரியாக 50 ரூபாய் மிஞ்சும். மூர்க்கத்தின் லாபம் மூர்க்கத்திலிருந்து பிறப்பதில்லை. எதிராளி அளவுக்கு மீறி விலகுவதிலிருந்து பிறக்கிறது. அவர் விலகுவதை நிறுத்திய நாளில் அதே ஆட்டம் நஷ்டமாகிவிடும்.

2009-ன் கடைசி மாதங்களில் இது உலகறிய நடந்தது. இசில்டுர்1 என்ற புனைபெயரில் வந்த ஒருவர், இணையத்தின் மிகப் பெரிய பணமேசைகளில், ஒரே நேரத்தில் பல மேசைகளில், இருவர் மட்டும் மோதும் ஆட்டங்களை ஓயாத தாக்குதலாக ஆடினார். பேர்பெற்ற ஆட்டக்காரர்களிடமிருந்தே பல மில்லியன் டாலர் வென்றார். அந்த டிசம்பரில் பிரையன் ஹேஸ்டிங்ஸ் என்ற அமெரிக்கர், ஓமஹா என்ற இன்னொரு போக்கர் வகையில், ஒரே நாளில் ஏறத்தாழ 42 லட்சம் டாலரை அவரிடமிருந்து எடுத்தார். தானும் நண்பர்களும் அந்தத் தாக்குதலின் பழைய பதிவுகளைச் சேர்த்துவைத்துப் படித்ததாக ஹேஸ்டிங்ஸ் பிறகு சொன்னார். இசில்டுர்1 என்பவர் சுவீடனைச் சேர்ந்த இளைஞர் விக்டர் பிளோம் என்பது 2011-ல் வெளிவந்தது. அவருடைய துணிவில் ஒரு குறையும் ஏற்படவில்லை. எதிராளிக்குத் தெரிந்தது மட்டுமே மாறியிருந்தது.

இங்கே ஓர் அறிவுச் சிக்கல் இருக்கிறது. வெறும் கையோடு மிரட்டி வென்றவர், எதிராளி என்ன சீட்டை வைத்திருந்தார் என்பதை அறிவதில்லை. சீட்டு கவிழ்ந்த நிலையிலேயே போய்விடுகிறது. அவர் கையில் ஒன்றும் இல்லாமல் போனாரா, நல்ல சீட்டை வைத்துக்கொண்டு பயந்து போனாரா, பொறி வைக்கப் பொறுமையாக விட்டுக்கொடுத்தாரா என்பது வென்றவருக்குத் தெரியாது. ஆகவே மூர்க்கமாக ஆடுபவருக்கு வெற்றி வருகிறது. வெற்றிக்கான காரணம் வருவதில்லை. திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரித்தறிய ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும். அதற்குள் அவர் தன் வழியே சரி என்று நம்பிவிடுகிறார். திருக்குறளின் 94-ஆம் அதிகாரமான 'சூது' தொடங்குவது இந்த இடத்தில்தான். வள்ளுவர் சூதில் வெல்ல முடியாது என்று வாதாடவில்லை. வென்றாலும் வேண்டாம் என்கிறார். அந்த வெற்றியே மீன் விழுங்கிய தூண்டில் என்கிறார். பலவீனமான வாதத்தைத் தொடாமல் வலுவான வாதத்தையே எதிர்கொள்வது அவருடைய பெருமை.

மகாபாரதத்தின் நளன் கதை வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. கலி பிடித்த நளன் தம்பி புட்கரனிடம் நாட்டையே தோற்கிறான். பின்னர் தேரோட்டியாக இருக்கும்போது, அவனுடைய அரசன் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் இலையையும் காயையும் எண்ணிச் சொல்கிறான். நளன் மரத்தை வெட்டி எண்ணிப் பார்க்கிறான், கணக்கு சரியாக இருக்கிறது. அந்த வித்தையையும் சூதின் நுட்பத்தையும் அவனிடம் கற்ற கணத்தில்தான் கலி நளனை விட்டு வெளியேறுகிறது. நிகழ்தகவுச் சிந்தனையின் வரலாற்றை எழுதிய இயன் ஹாக்கிங் 1975-ல் வெளியிட்ட நூலில் இந்தக் கதையை எடுத்துப் பேசினார். தோற்றவனும் நளன்தான், பிறகு நாட்டை மீட்டவனும் நளன்தான். வெறி போவதும் எண்ணத் தெரிவதும் ஒரே நிகழ்ச்சியாகக் கதையில் அமைந்திருக்கிறது. நவீன இயந்திரங்கள் இதற்குச் சாட்சி: 2017-ல் லிப்ராடஸ் என்ற கணினி நிரல் இருவர் ஆட்டத்தில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் வென்றது, 2019-ல் புளூரிபஸ் ஆறு பேர் மேசையில் வென்றது. லிப்ராடஸ் நடுவில் உள்ள பணத்தைப் போல் பல மடங்கைக் கட்டத் தயங்கவில்லை. அதற்குக் கோபமும் இல்லை, துணிச்சலும் இல்லை.

எஞ்சுவது அறக் கேள்வி. பிளஃப் பொய்யா? 1968-ல் ஆல்பர்ட் கார் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, போக்கர் மேசையில் ஏமாற்றுவது எல்லோரும் அறிந்து ஏற்ற விதி என்பதால் அது ஒழுக்கக் கேடாகாது என்றது. சீட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ஆனால் ஆள் குறைந்த மேசையின் மூர்க்கம் வேலை செய்வது எதிராளியின் பயத்தின் மேல். அந்தப் பயம், பணம் யாருக்கு மிகவும் தேவையோ அவரிடம்தான் மிகுதி. வீட்டு வாடகையைக் கட்டி ஆடுபவர் எளிதில் விலகுவார். விலகி விலகியே தீர்ந்துபோவார். ஆட்ட விதிகளை ஏற்றபோது அவர் சீட்டை மறைப்பதற்குச் சம்மதித்தார். தன் இல்லாமையை ஆயுதமாக்கச் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. போக்கரில் புதுப் பணம் உண்டாவதும் இல்லை. ஒருவர் வெல்வது இன்னொருவர் இழந்தது, அதிலும் மேசை நடத்துபவரின் பங்கு கழிந்தது. இழப்பைத் தாங்கக்கூடியவர்களுக்குள் அந்த ஆதாயம் நேர்மையானதே. தாங்க முடியாதவரிடமிருந்து வந்தால் எவ்வளவு கணக்கறிவோடு வென்றாலும் அது நேர்மையாகாது.

திறமை இருக்கிறதா என்ற கேள்வி இதைத் தீர்க்காது என்பதை இந்தியச் சட்டம் சுற்றி வந்தே அடைந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று ஏற்று, தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது.