உயிர்நீரும் உடைமையும்

உயிர் காக்கும் அறிவை ஒருவர் தம் உடைமையாக்கிக்கொள்ளுதல் தகுமா என்னும் வினாவிற்குக் கொல்கத்தா வழிவந்த இருவர் வெவ்வேறு விடைகள் தந்தனர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த சக்கரவர்த்தி, எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவை ஆக்கினார். ஆக்கப்பட்ட உயிரிக்கும் காப்புரிமை உண்டு என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. ஐவர் ஏற்றனர்; நால்வர் மறுத்தனர்.

1971இல் பங்கான் அகதி முகாமில் காலரா பரவ, நரம்புவழி ஏற்றும் நீர்மம் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா ஆகியன கலந்த நீரைக் குழாய் பொருத்திய பீப்பாய்களில் வைத்தார். உறவினரே குவளையில் பிடித்துப் புகட்டினர். ஏறத்தாழ 30 விழுக்காடாயிருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. அக்கரைசலுக்கு அவர் காப்புரிமை பெறவில்லை.

காப்புரிமை இன்றேல் ஆய்விற்கு முதலீடு வாராது என்பர். பெரும்பொருள் வேண்டும் ஆய்விற்கு அது பொருந்தலாம். எவர் வீட்டிலும் கலக்கத்தக்கது என்பதே ஆற்றலாக அமைந்த மருந்திற்குப் பொருந்தாது. எனினும், உடையவர் இல்லாப் பொருளுக்குக் காவலும் இல்லாமற்போவதுண்டு. ‘ஓ.ஆர்.எஸ்.’ என்னும் பெயரைச் சர்க்கரை மிகுந்த பானங்கள் சூடிக்கொண்டன. டாக்குரியா மருந்துக்கடையில் குழந்தைக்கு அதனைக் கேட்கும் தாய் பெயரை நம்பியே வாங்குவாள். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் அப்பெயர்ப் பயன்பாட்டைத் தடுத்தது 2025 அக்டோபரில்தான்.