முனியாண்டியிடம் உத்தரவு

மலையில் நேரும் சாவு விதியா, அவரவர் வினையா, வெறும் கவனக்குறைவா என்பது மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் ஏட்டளவில் நிற்கும் கேள்வி அல்ல. தித்திவங்சா மலைத்தொடரின் தென்கோடி இந்த மாநிலத்துக்குள்தான் வந்து இறங்குகிறது. அடிவாரத்தில் முதலில் கித்தா எனும் ரப்பர் மரங்கள் நின்றன, பிறகு செம்பனை வந்தது. சிரம்பானுக்கும் கோலப்பிலாவுக்கும் நடுவே 825 மீட்டர் உயரத்தில் குனோங் அங்சி. ரெம்பாவ் பக்கம் 884 மீட்டரில் குனோங் டத்தோ. தோட்டத்துப் பிள்ளைகளும், தொழிலாளர் குடியிருப்பான லயத்தைவிட்டு நகரத்துக்குப் போய்விட்ட குடும்பங்களும் விடுமுறை என்றால் இந்த மலைகளுக்கும் ஓடைகளுக்கும் வருகிறார்கள்.

இங்கே பனிச்சரிவு கிடையாது. அதன் இடத்தில் இருப்பவை மண்சரிவும், மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்னும் திடீர் வெள்ளமும். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மார்ச் கடைசி முதல் மே வரையிலான நாள்களில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும். பிற்பகலில் இடியோடு கொட்டும். உச்சியில் மழை பிடித்திருக்க, கீழே ஊலு பெண்டுல் ஓடையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கலாம். கூழாங்கல் தெரிய ஓடிய தண்ணீர் முதலில் கலங்கித் தேநீர் நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வரும். மேலிருந்து இரைச்சல் கேட்கும். பிறகு கிடைப்பது சில நிமிடங்களே. கரையோரமாக ஓடாமல் மேட்டில் ஏறவேண்டும்; கழற்றி வைத்த செருப்பை எடுக்கக்கூடத் திரும்பக் கூடாது.

இமயத்திலும் ஆல்ப்ஸிலும் வசந்தகாலப் பனிக்கு இதே நேரக்கணக்கு உண்டு. இரவில் இறுகிய பனி, வெயில் ஏற ஏற நீர்கோத்துத் தளர்கிறது. விவரம் தெரிந்தவர்கள் இருட்டிலேயே புறப்பட்டு, நண்பகலுக்கு முன் சரிவைவிட்டு விலகிவிடுவார்கள். அங்கே மலையேறிகளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை, சிக்கியவரோ கூட வந்தவரோ கால் வைத்ததால் கிளம்பியவை. சமயச் சிந்தனை நின்று யோசிக்கவேண்டிய இடம் இதுதான்.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாக வகுக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஈட்டுவது ஆகாமியம். ‘எல்லாம் தலையெழுத்து’ என்னும் துக்க வீட்டுப் பேச்சு பிராரத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஆகாமியத்தைக் கைவிட்டுவிடுகிறது. மேகம் கறுத்ததைக் கண்டும் ஓடையில் இறங்குகிறவர் பழைய கணக்கை மட்டும் தீர்க்கவில்லை, புதுக்கணக்கும் எழுதுகிறார். திருக்குறளும் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையை ஒப்புக்கொண்டு, 62ஆம் அதிகாரத்தில் சோராத முயற்சிக்கு ஊழும் பின்வாங்கும் என்கிறது. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதை அது கோழைத்தனத்தில் சேர்க்கவில்லை. அறிவுடைமை அதிகாரத்தில் வைத்திருக்கிறது.

இந்த நூல்களைப் படிக்காத தோட்டத்து மக்களின் வழிபாட்டிலும் இதே தெளிவு இருந்தது. லயம் முடிந்து காடு தொடங்கும் ஓரத்தில், மரத்தடியில் ஒரு கல்லோ சூலமோ இருக்கும். அதுதான் முனியாண்டி. சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் வைத்து, சுருட்டும் படைத்து, ‘உள்ளே போறோம் சாமி, உத்தரவு கொடு’ என்பார்கள். உத்தரவு கேட்கிறவர், அது கிடைக்காமலும் போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டுதான் கேட்கிறார். சகுனம் சரியில்லை என்று பட்டால் அன்று திரும்பிவிடுவார். சகுனத்தின் தர்க்கம் பிழையாக இருக்கலாம். திரும்பும் பழக்கம் பிழையல்ல. மலையில் உயிர் காப்பதும் பெரும்பாலும் அதுவே. கும்பிட்டாயிற்று, இனி சாமி பார்த்துக்கொள்ளும் என்று இடி முழக்கத்தின் கீழ் ஏறுகிறவரோ கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போகிறார். ஒரே சடங்கு ஒருவரை நிறுத்தி வைக்கிறது, இன்னொருவரைத் தள்ளிவிடுகிறது.

யாத்திரைத் தலங்களும் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றன. அமர்நாத்தில் 1996 ஆகஸ்டில் பனிப்புயலில் 240க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதை ஆராய்ந்த நிதீஷ் சென்குப்தா குழு, ஏறுவோர் எண்ணிக்கைக்கு வரம்பும் உடல்தகுதி நிபந்தனையும் வேண்டும் என்றது. சதுரகிரியில் 2015 மே மாதம் ஓடை வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றது. பக்தியின் அளவு பார்த்துத் தண்ணீர் விலகவில்லை.

அவரவர் எடுத்த முடிவே காரணம் என்னும் இந்த விளக்கம் எல்லாச் சாவுக்கும் பொருந்தாது. 2022 டிசம்பர் 16 பின்னிரவில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் மலைச்சரிவு இடிந்து, கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்த 31 பேர் இறந்தனர். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அவர்கள் எந்தச் சரிவையும் மிதிக்கவில்லை, எந்த அறிகுறியையும் அலட்சியம் செய்யவில்லை. அவர்களைப் பார்த்து ‘அவர்கள் செய்த வினை’ என்பதற்குச் சித்தாந்தமே இடம் தருவதில்லை. மெய்கண்டாரின் சிவஞானபோத மரபில் வினை சடம். தானாக ஓர் உயிரைத் தேடி வந்து சேராது. உரிய உயிருக்கு அதைக் கூட்டுபவன் இறைவன். அந்தக் கணக்கு வேடிக்கை பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதல்ல. வெளியே நிற்பவர் கேட்கக்கூடியது வேறு: அந்த இடத்தில் கூடாரம் போட விட்டது யார், சரிவைச் சோதித்தவர் யார்? அங்கே முகாம் நடத்த அனுமதியே இல்லை என்று பிறகு தெரியவந்தது. ஆறு, அருவி, மலைச்சரிவு ஓரங்களில் இருந்த முகாம்களை ஒரு வாரம் மூடிச் சோதிக்கும்படி அரசு உத்தரவிட்டது.